பின்னால் போகாத பிளசர்

ராமர் பிளசர் கார் வாங்கிய நாளிலிருந்து போடியில் பலருக்கு நிம்மதி இல்லை. அவர் மனைவி சுருளியம்மாளுக்கோ அறவே இல்லை. மதுரையில் யாரோ ஒரு வக்கீல் ஓட்டி ஓட்டி அலுத்துப்போன வண்டி அது. கறுப்பு நிறம், பளபளவென்று விளக்கு, அமுக்கினால் எருமைக் கன்று கத்துகிற மாதிரி ஒரு ஆரன். எல்லாம் சரியாக இருந்தன, பின்னால் போகிற கியர் ஒன்றைத் தவிர. அதைப் போட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு உறுமும், அவ்வளவுதான். வக்கீல் அதைச் சொல்லாமல் விற்றார். ராமர் அதைச் சொல்லாமல் ஓட்டினார்.

ராசிங்காபுரம் போகிற சாலையில் ராமருக்கு நெல் அரைக்கிற மில் இருந்தது. மில்லுக்கு முன்னால் நிறுத்த வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டால், அப்படியே நேராகப் போய் ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவார். யாராவது கேட்டால், "வண்டின்னா ஓட்டம் வேணும்ப்பா, மாடு மாதிரிதான்" என்பார். பிளசரைத் துடைத்து நிறுத்தி, பக்கத்தில் தானும் துண்டு போட்டு நின்று ஒரு படம் எடுத்து, நடுவீட்டில் மாட்டியிருந்தார். சாமி படங்களைவிட அது ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

சுருளியம்மாளின் கவலை வண்டி இல்லை. அன்னக்கொடி. ஒரே மகள், வாத்தியார் பயிற்சி முடித்து சிலமலை ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வயதுப் பெண்கள் எல்லாரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்து அவளிடமே பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரன் வராமல் இல்லை. தேவாரத்திலிருந்து ஒன்று வந்தது. பையனின் தாய்மாமன் பேச்சுவாக்கில் உங்கள் மில்லில் குருணை அதிகம் என்று சொன்னார், ராமர் அவரை எழுப்பி வாசலைக் காட்டினார். அடுத்து வந்த பையனின் அப்பா, தெரியாத்தனமாக ராமர் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வரனும் நாற்காலியோடு போயிற்று.

மூன்றாவதாக லாரி ஏஜென்டு சோணை ஒன்று கொண்டுவந்தான். மலைமேல், பூப்பாறைக்கு இந்தப் பக்கம், ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். பையன் பெயர் காசிமாயன். படித்தவன், குடிக்காதவன், தோட்டத்தை அவனே பார்க்கிறான். ராமர் இதற்குத் தலையாட்டினார். ஆனால் சொல்லிவிட்டுப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை.

"சொல்லிட்டுப் போனா கடன் வாங்கியாச்சும் வீட்டை மினுக்கி வச்சிருப்பான். சொல்லாமக் கொள்ளாமப் போயி நிக்கணும். அப்பத்தான் குடும்பம் தெரியும். கிறிஸ்மஸ் லீவுல ஒன் தங்கச்சி வீட்டுக்குப் போற மாதிரிப் போவோம். வழியில வண்டி சூடாயிருச்சு, தண்ணி வேணும்னு உள்ள நுழைவோம். நாலு பக்கமும் பாப்போம், வந்துருவோம்."

சுருளியம்மாளின் தங்கை பூப்பாறையில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆகவே பயணம் நியாயமானதுதான். ராமர் கிளம்பும்போது ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"காப்பி குடுத்தா குடி. வெத்தல குடுத்தாப் போடு. சோத்துல மட்டும் கை வச்சுராத."

இதை அவர் சொல்லித்தான் சுருளியம்மாளுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சம்பந்தம் பேசுகிற வீட்டில் சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைத்தாயிற்று என்பார்கள். நனைத்த பிறகு மாட்டேன் என்றவன், அப்புறம் எந்தப் பந்தியிலும் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. அதனால்தான் பெரியவர்கள் பேச்சு முடிகிறவரை பசியோடு திரும்பி வருவார்கள்.

மார்கழிக் குளிரில் விடிந்ததும் கிளம்பினார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ராமரின் தங்கை சந்திரவல்லி இருந்தாள். அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் தேவாரம்வரை தெரிந்துவிடும். அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பனிமூட்டம் சாலையை மறைத்தது. பிளசர் முக்கி முனகி ஏறியது. அன்னக்கொடி பின் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மூட்டம் விலகுகிற போதெல்லாம் கீழே போடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பாதி மலையில் ஒரு வளைவில், மேலிருந்து இறங்கிய ஜீப்பு ஒன்று பிளசருக்கு நேர் எதிரே வந்து நின்றது. இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு இடிக்கவில்லை என்பதுதான் மிச்சம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஜீப்பிலிருந்து மப்ளரைத் தலையில் சுற்றிய பெரிய மீசைக்காரர் ஒருவர் இறங்கினார்.

"அண்ணே, ஒங்களுக்குப் பின்னாலதான் எடம் கெடக்கு. ரெண்டு முழம் பின்னால எடுங்க, நாங்க போயிர்றோம்."

மரியாதையாகத்தான் கேட்டார். இடமும் பின்னால் இருக்கத்தான் செய்தது. ஒரு மாட்டு வண்டியே ஒதுங்குகிற இடம். ராமர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டிதான் வழி விடணும். அதான் சட்டம்."

"சட்டம் இருக்கட்டும்ணே. எடம் ஒங்க பக்கம்ல இருக்கு?"

"பின்னால போற பழக்கம் எங்க பரம்பரையிலயே கெடையாதுய்யா."

பரம்பரையில் இருக்கிறதோ இல்லையோ, வண்டியில் இல்லை. சுருளியம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உள்ளதச் சொல்லிருங்களேன். கியரு விழாதுன்னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?" என்று காதோடு சொன்னாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மரியாதை மலையை விட்டு இறங்கிப் போனது. அண்ணே, யோவ் ஆயிற்று. யோவ், டேய் ஆகிற சமயத்தில் மீசைக்காரர் ஒரு சபதம் போட்டார்.

"ஒன்ன மாதிரி ஆளு வீட்டுல பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்யா நானு!"

"ஒன்னய யாருய்யா கூப்பிட்டது? ஒன் வீட்டு வாசப்படிய நான் மிதிச்சா, இந்தா இந்த மீசைய எடுத்துக்கறேன்!"

ஜீப்புக்குள் மீசைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளும் எட்டிப் புருஷனின் துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டவள்தான். சுருளியம்மாளும் அவளும் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத பொம்பளை. ஆனாலும் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்பது சுருளியம்மாளுக்கு முழுதாகத் தெரிந்தது.

கடைசியில் ஜீப்பை ஓட்டிவந்த பையன், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், வண்டியை மேட்டில் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். வளைவுக்கு மேலே பாறையைக் குடைந்தாற்போல ஓர் இடம் இருந்தது. அதில் ஒதுக்கி நிறுத்தினான். ராமர் ஆரனை அமுக்கிக்கொண்டே அவர்களைக் கடந்தார்.

"மூட்டத்துல, மேட்டுல, எப்படிப் பின்னாலயே எடுத்துட்டுப் போறாக பாரு ஆத்தா" என்றாள் அன்னக்கொடி.

"அதெல்லாம் ஒரு வித்தையா?" என்றார் ராமர்.

மலையுச்சியில் இருக்கிற மெட்டைத் தாண்டி, வழி கேட்டுக் கேட்டு, சோணை சொன்ன வீட்டுக்கு முன்னால் போய் நிற்கும்போது வெயில் வந்துவிட்டது. தகரக் கூரை போட்ட நல்ல வீடு. பக்கத்தில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரிலிருந்து புகையும் வாசனையும் வந்துகொண்டிருந்தன. வீட்டில் பொன்னுமணி என்ற பெண் மட்டும் இருந்தாள். பையனுக்கு அக்கா, பிரசவத்துக்கு வந்திருந்தாள். ராமர் வண்டி சூடாகிவிட்ட கதையைச் சொன்னார். அவள் நம்பினாளோ என்னவோ, குளிருக்குக் குடிக்க வெந்நீரே போட்டுவிட்டாள்.

"அப்பாவும் ஆத்தாளும் தம்பியும் வெள்ளனத்துலயே போடிக்குப் போயிருக்காக. அங்கன யாரோ தெரிஞ்சவுக வீடாம். நீங்க உள்ள வாங்க. இந்தக் குளிருல வெளிய நிக்காதீக."

ராமர் ஸ்டோரைப் பார்க்கிற சாக்கில் தோட்டத்தை அளக்கப் போய்விட்டார். அன்னக்கொடி பொன்னுமணியோடு அடுப்படிக்குப் போனாள். சுருளியம்மாள் மட்டும் உள்ளே வந்து, சால்வையை இறுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தாள். சுவரில் படம். படத்தில் நாற்காலி. நாற்காலியில் அந்த மீசை.

அவள் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிறவள் ஜீப்பில் துண்டைப் பிடித்து இழுத்தவளேதான். பின்னால் நிற்கிற பையன், பின்னாலேயே வண்டியை எடுத்துப் போனவன். மூன்றாவது வரனும் போயிற்று என்று நினைத்தாள். அழுகை வந்தது. தேவாரத்துக்கும் நாற்காலிக்கும் அவள் அழவில்லை. அப்போது கோபம்தான் வந்தது. இப்போது, தன் மகள் ஒரு பையனைப் பார்த்து முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ராமர் உள்ளே வருவார், படத்தைப் பார்ப்பார், மீசையைத் தொட்டுப் பார்ப்பார், வண்டியைக் கிளப்புவார். அடுத்த கிறிஸ்மஸ் லீவிலும் அன்னக்கொடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போடியைத் தேடுவாள்.

வெளியே அவர் செருப்புச் சத்தம் கேட்டது. சுருளியம்மாள் சால்வையை உருவினாள். படத்தின் மேல் விரித்துப் போட்டாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, தன் குரல்தானா என்று தானே சந்தேகப்படுகிற குரலில் கேட்டாள்.

"ஏந்தாயி, சோறு ஆயிருச்சா? பசிக்குது."

பொன்னுமணிக்கு வாயெல்லாம் பல். மொச்சைக் குழம்பு, கருவாடு, கொதிக்கிற சோறு. ராமர் வாசற்படியை மிதித்து உள்ளே வந்தபோது சுருளியம்மாள் இலையில் பிசைந்துகொண்டிருந்தாள். அவர் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அடியே, என்னா சோலி பாத்துட்ட? கைய நனைச்சுட்டியே!"

"வீடு ஒங்களுக்குப் பிடிக்கலையா?"

ராமர் யோசித்தார். உண்மையில் அவருக்கு வீடு பிடித்திருந்தது. தோட்டம் பிடித்திருந்தது. ஸ்டோரில் காய் தட்டுத் தட்டாகக் கிடந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்திருந்தது. கருவாட்டு வாசனை மிச்ச யோசனையையும் முடித்துவைத்தது. உட்கார்ந்தார்.

"ஆளு இல்லாதப்பவே இப்படி வச்சிருக்கான்னா, இந்த வீட்டுப் பெரிய மனுசன் தங்கமானவனாத்தான் இருக்கணும்" என்றார், இரண்டாம் முறை சோறு வாங்கும்போது. "வீட்டப் பாத்தாலே ஆளத் தெரிஞ்சுரும்டி எனக்கு. அடக்கமான மனுசன். அதிர்ந்து பேச மாட்டான்."

சுருளியம்மாள் தலையைக் குனிந்தே சாப்பிட்டாள். அன்னக்கொடி மோர் ஊற்ற வந்தவள், சுவரில் தொங்குகிற சால்வையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தானும் ஓர் இலை போட்டு உட்கார்ந்தாள். அடுப்படியிலும் ஒரு படம் இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து பூப்பாறை போய்த் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவள் கோழி அடித்துச் சமைக்கிறேன் என்று நின்றாள். ராமர் வயிற்றைத் தடவிக்கொண்டு காப்பியோடு நிறுத்திவிட்டார். அக்காளும் தங்கையும் ஒருபாட்டம் அழுது, ஒருபாட்டம் சிரித்து முடித்ததும், பொழுது சாய்வதற்குள் மலை இறங்க வேண்டும் என்று கிளப்பிக்கொண்டு வந்தார். வருகிற வழியெல்லாம் அந்தத் தங்கமான மனுசனைப் பற்றியே பேசினார். எப்போது நேரில் பார்ப்போம் என்று அவருக்கு ஆசையாக இருந்ததாம்.

ஆசை அதே வளைவில் நிறைவேறியது. கீழிருந்து ஜீப்பு ஏறி வந்தது. ஜீப்புக்குப் பின்னால், அரிசி லோடு ஏற்றிய லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு ஏறியது. ராமர் பிரேக்கை மிதித்தார். ஜீப்பையும் மப்ளரையும் பார்த்ததும் சட்டைக் கையை மடக்க ஆரம்பித்தார்.

"வாடி மகனே வா. காலையில பத்தலயாக்கும்."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் சுருளியம்மாள். "மத்தியானம் மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டீகளே, அது இந்த மனுசன் வீட்டுச் சோறு."

மடக்கின கை மடக்கினபடி நின்றது. ராமர் மனைவியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். பிறகு கை மெள்ள மேலே போய் மீசையைப் பொத்திக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், ஜீப்பிலிருந்து ஆவேசமாக இறங்கப்போன மொக்கச்சாமியும் – அதுதான் மீசைக்காரரின் பெயர் – ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே நின்றார். அவர் மனைவி அய்யம்மாள் அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முகம் சுருங்கிப்போனதைச் சுருளியம்மாள் கண்ணால் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று விளங்கியது. இவர்கள் போடியில் போன 'தெரிஞ்சவுக வீடு' யாருடைய வீடு என்பதும், அந்த வீட்டில் சந்திரவல்லி இருக்கிறாள் என்பதும், வந்தவர் யாராக இருந்தாலும் சோறு போடாமல் அனுப்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை என்பதும்.

இரண்டு அப்பன்மாரும் இறங்கி நடுச்சாலையில் நின்றார்கள். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்கள்.

"நான் பின்னால எடுத்துருவேன்" என்றார் மொக்கச்சாமி, தரையைப் பார்த்துக்கொண்டு. "லாரி நிக்கிது. லோடு வண்டி பின்னால போகாது."

"சட்டப்படி எறங்குற வண்டி, நான்தான் வழி விடணும்" என்றார் ராமர். "என் வண்டியும் பின்னால போகாது."

"என்னது?"

"போகாதுய்யா. வாங்குனதுல இருந்தே போகாது."

மொக்கச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதக் காலையிலயே சொல்லியிருந்தா என்னாங்கறேன்? நாங்களே தள்ளிவிட்டிருப்பம்ல?"

இப்போது தள்ள வேண்டியதாயிற்று. பாறையைக் குடைந்தாற்போல இருக்கிற இடம்வரை, மேட்டில். லாரிக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு மட்கார்டாக ராமரும் மொக்கச்சாமியும் தோள் கொடுத்தார்கள். ஸ்டியரிங்கில் உட்கார நிதானமான ஆள் வேண்டும் என்று காசிமாயனை உட்கார வைத்தார்கள். பின் சீட்டில் அன்னக்கொடி இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு பெரிய மனிதர்களும் வேர்த்து விறுவிறுத்து முன்னாலிருந்து தள்ள, பெண்ணும் மாப்பிள்ளையும் பிளசரில் உட்கார்ந்து பின்னாலேயே ஊர்வலம் போனார்கள். காசிமாயன் வழி பார்க்கத் தலையைத் திருப்பினான். பின்னால் போகிறவன் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அவன் வழியைத்தான் பார்த்தான் என்று சொல்ல முடியாது.

வண்டியிலிருந்து இறங்கிப் பாறை ஓரமாக ஒதுங்கி நின்ற சுருளியம்மாளின் பக்கத்தில் அய்யம்மாள் வந்தாள். வழியில் பார்க்கிற யாரும் யாரிடமும் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"சாப்பிட்டீகளா?"

இந்தக் கேள்விக்கு இத்தனை சந்தோஷமாகச் சுருளியம்மாள் தன் ஆயுளில் பதில் சொன்னதில்லை.

"சாப்பிட்டோம். ஒங்க மக வயிறு நெறையப் போட்டா. நீங்க?"

"நாங்களும் சாப்பிட்டோம். நெல்லு அரைக்கக் கூலி எம்புட்டுன்னு கேக்குற சாக்குலதான் உள்ள போனோம். ஒங்க நாத்துனா எங்க விட்டாக? நடுவீட்டுல பிளசரோட ஒரு படம் தொங்குச்சு. இவுக பாத்தா எலையில இருந்து எந்திரிச்சிருவாக. தூசியா இருக்குன்னு சொல்லி, சொவத்தப் பாத்துத் திருப்பி மாட்டிட்டேன்."

சுருளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அய்யம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிளசர் ஒதுங்கியது. ஜீப்பும் லாரியும் கடப்பதற்கு முன்னால், இரண்டு அப்பன்மாரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பெரிய மனிதர்கள் ஆனார்கள்.

"பொண்ணு குடுக்குற காரியம்" என்று ராமர் தொண்டையைச் செருமினார். "நான் நல்லா யோசிச்சுத்தான் முடிவு சொல்லணும்."

"எடுக்குற காரியமும் அப்படித்தான்" என்றார் மொக்கச்சாமி. "நானும் யோசிக்கணும்ல?"

"நல்லா யோசிங்க ரெண்டு பேரும்" என்றாள் அய்யம்மாள்.

பிளசர் மலை இறங்கியது. முந்தல் வெளிச்சம் கீழே தெரிய ஆரம்பித்தது. சுருளியம்மாள் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ராமர் அப்போதுதான் கவனித்தார்.

"சால்வ எங்கடி?"

"வச்ச எடத்துல பத்திரமா இருக்கு" என்றாள் சுருளியம்மாள். "தையில போயி எடுத்துக்குவோம்."